எட்டாவதுக்கு இடம்பெயர்தல் பாடம்: காரணம், விளைவு எல்லாம் மனப்பாடமா இல்லாம எப்படி நடத்துறது?

அவிநாசி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கங்க. திருப்பூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளில சமூக அறிவியல் எடுக்குறேன். அடுத்த வாரம் எட்டாவதுக்கு இடம்பெயர்தல் பாடம் வருது. புக்குல இருக்கிறத நடத்த ரெண்டு பீரியட் போதும், தள்ளுற காரணி நாலு, இழுக்குற காரணி நாலு, விளைவு நாலு, பசங்க ஒப்பிச்சு எழுதிருவாங்க, மார்க்கும் வந்துரும். ஆனா பேப்பர் திருத்துறப்ப பாத்தீங்கன்னா எந்தக் கேள்விக்கும் "வேலைவாய்ப்பு, கல்வி, மருத்துவ வசதி"ன்னு ஒரே வரி தாங்க. சிரியால இருந்து ஜெர்மனிக்கு போனவனுக்கும் அதே பதில், பீகார்ல இருந்து இங்க வந்தவனுக்கும் அதே பதில்.

இதுல கூத்து என்னன்னா என் கிளாஸ்லயே பாதிப் பேரு வெளியூர் தாங்க. தேனி, ராமநாதபுரம், திருவாரூர்ல இருந்து பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பத்துப் பசங்க, அதுபோக ஒடிசா, பீகார் பசங்களும் இருக்காங்க, தமிழ் சூப்பரா பேசுவாங்க, எழுதறதுல தான் கொஞ்சம் தடுமாறும். இவங்கள வெச்சே நடத்தலாம்னு ஆசை, ஆனா ஒரு புள்ளைய எந்திரிக்கச் சொல்லி "நீங்க ஏன் ஊர விட்டு வந்தீங்க"ன்னு எல்லாரு முன்னாடியும் கேக்க மனசு வரலீங்க. அப்பா கடன்ல ஓடி வந்திருப்பாரு, இல்ல வீட்ல சண்டையா இருக்கும், நமக்கு என்ன தெரியும். யாராச்சும் இந்தப் பாடத்தை உருப்படியா நடத்தி இருந்தா சொல்லுங்க.

---

ராம்நாடு வாத்தியார்:

டீச்சரம்மா, நான் ரிட்டயர்டு ஆன ஆளு. என் யோசனை, உலகம் பூரா சுத்தாம ஒரே ஒரு கதைய எடுத்து ஆழமா போங்க. நான் எப்பவும் எடுத்தது சிலோன் தோட்டத்துக்கு நம்ம சனங்க போனது. ஏன்னா அதுல போனது, தங்கினது, துரத்தப்பட்டது, திரும்பி வந்தது எல்லாமே ஒரே கதைக்குள்ள இருக்கு.

முதல்ல பசங்கள்ட்ட நான் கேக்குறது, "பஞ்சம் வந்தா ஊரை விட்டுப் போவாங்க, சரி, பஞ்சம் எல்லாருக்கும் தானே வந்துச்சு, அப்ப ஏன் எல்லாரும் போகல?" 1876லருந்து 78 வரைக்கும் தாது வருசப் பஞ்சம், மெட்ராஸ் மாகாணத்துல செத்தவங்க லட்சக்கணக்குல. ஒரு ஊர்ல இருந்து ஒரு தெருவே கப்பலேறுது, பக்கத்து ஊர்ல ஒருத்தனும் நகரல. தள்ளுற காரணி ரெண்டு ஊருக்கும் ஒண்ணு தான், இழுக்குறதும் ஒண்ணு தான். வித்தியாசம் எங்க இருக்குன்னா நடுவுல ஒரு ஆளு இருக்கான் பாருங்க, கங்காணி. நம்ம புக்குங்க அவனை பெருசா கண்டுக்கறதே இல்ல, எனக்கு அதுல பெரிய வருத்தம்.

கங்காணி வேத்தாளு இல்ல, அதே ஊர்க்காரன், பெரும்பாலும் சொந்தக்காரன் வேற. தோட்டத்துல துரை கையில முன்பணம் வாங்கிட்டு ஊருக்கு வருவான், நல்ல வேட்டி கட்டி வருவான், சனங்களோட பழைய கடனை அடைப்பான், வழிச்செலவு பாத்துக்குவான், சாப்பாடு போடுவான், எல்லாத்தையும் அவங்கவங்க கணக்குல எழுதிக்குவான். தோட்டத்துல கால் வெக்கும்போதே கடனாளி. வேற தோட்டத்துல கூலி கூடன்னு தெரிஞ்சாலும் சும்மா போயிற முடியாது, "இவ்வளவு கடனைக் கட்டினா இந்த ஆளை விட்டுருவோம்"னு தோட்டத்துல ஒரு சீட்டு குடுக்கணும், அதுக்குப் பேரு துண்டு. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டும், கட்டின கடன் மறுபடி அவன் தலையில தான். 1921ல தான் இந்தத் துண்டு முறைய ஒழிச்சாங்க. இதுக்கு நான் ஒரு விளையாட்டு வெப்பேன், ஒரு பையன் கங்காணி, நாலு பேரு கூலி, பொய்க் காசு, நோட்டுல கணக்கு. மாசக் கூலில கடன் கழிச்சா கையில என்ன மிஞ்சுதுன்னு அவனுங்களே கூட்டிக் கழிச்சுப் பாப்பானுங்க, அப்புறம் கிளாஸ்ல ஒரே சண்டை தான், கங்காணியா நடிச்சவன் பாடு திண்டாட்டம்.

ரெண்டாவது விசயம், பயிர் மாறினா போற விதமே மாறும். ஆரம்பத்துல அங்க காப்பி. பழம் பறிக்கிற சீசன்ல தான் ஆள் நிறைய வேணும், அதனால ஆம்பளைங்க ராமேஸ்வரம் பக்கமா தோணி ஏறி மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளை, கண்டி வரைக்கும் நடந்தே போவாங்க, சீசன் முடிஞ்சதும் திரும்பி வந்துருவாங்க. வழியில காலரா, காய்ச்சல்னு விழுந்தவங்க எத்தனையோ பேரு. 1869ல காப்பிக்கு இலைத்துரு நோய் வந்துச்சு, பதினைஞ்சு இருபது வருசத்துல காப்பி போச்சு, அந்த எடத்துல தேயிலை வந்துச்சு. தேயிலைக் கொழுந்து வருசம் பூரா எடுக்கணும், கொழுந்து எடுக்க பொம்பளையாள் வேணும், அப்ப குடும்பத்தோட போகணும், குடும்பம்னா வீடு வேணும், அதுக்கு லயன் வீடு வரிசையா கட்டினான், ஒரு குடும்பத்துக்கு ஒரு ரூமு. ஒரு பூஞ்சை நோய் வந்து, வந்து போய்ட்டிருந்த சனம் அங்கயே தங்குற சனமா ஆயிருச்சு. இதை போர்டுல அம்புக்குறி போட்டு நான் எழுத மாட்டேன், காப்பி சீசன் எப்ப, தேயிலை எப்பன்னு ரெண்டு தகவல் மட்டும் குடுத்துட்டு "அப்புறம் என்ன ஆகி இருக்கும்"னு கேட்டுட்டு உக்காந்துருவேன். கடைசி பெஞ்சுல இருந்து தான் பதில் வரும்.

---

கரூர் பாலு:

வாத்தியார் சொல்றது கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா எட்டாவது பசங்களுக்கு இவ்ளோ தேவையா? சிலபஸ் முடிக்கணும், ரிவிஷன் இருக்கு, நடுவுல எமிஸ்னு மாணவர் விவரத்தை ஆன்லைன்ல ஏத்துற வேலை, ட்ரெயினிங், அந்த நாள் இந்த நாள்னு கொண்டாட்டம் வேற. கங்காணி, துண்டு எல்லாம் எந்தக் கேள்வித்தாள்லயும் வராது. நாலு காரணம் நாலு விளைவு, முடிஞ்சது.

---

ராம்நாடு வாத்தியார்:

பாலு சார், ரெண்டு பீரியடுக்கு மேல நான் எடுத்ததில்ல. ஒரு கதை மண்டையில உக்காந்துட்டா அந்த நாலு காரணம் தானா வரும், எழுதவும் வரும். நாலு காரணத்தை உருப்போட்டா கதை வராது. மத்தபடி எமிஸ் பத்தி நீங்க சொன்னதுக்கு நூறு லைக்கு.

---

ஹட்டன் பொடியன்:

வாத்தியார் ஐயா எங்க கதைய எடுத்ததுக்கு சந்தோசம். நான் மலையகம் தான், இலங்கை தேயிலைத் தோட்டப் பக்கம், இப்ப கொழும்புல வேலை செய்றன். ஒண்டு சேத்து சொல்லணும், போன கதையோட நிப்பாட்டினா பிள்ளைகளுக்கு பாதி தான் தெரியும். 1948ல சுதந்திரம் கிடைச்ச கையோட குடியுரிமை சட்டம் கொண்டு வந்து எங்க ஆக்கள நாடில்லாதவங்களா ஆக்கிட்டாங்க, அடுத்த வருசமே வோட்டும் போச்சு. அதுக்குப் பிறகு 1964 அக்டோபர் 30ல இலங்கை பிரதமர் சிறிமாவோவும் இந்தியா பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர், அதில 5,25,000 பேர இந்தியா எடுக்கும், 3,00,000 பேர இலங்கை எடுக்கும், மிச்சம் 1,50,000 பேர பிறகு பாப்போம்னு விட்டாங்க, 1974ல அதையும் ஆளுக்குப் பாதி எண்டு பிரிச்சாங்க. சந்தையில மூட்டை பிரிக்கிற மாதிரி. தோட்டத்து சனத்திட்ட கேட்டு போட்ட ஒப்பந்தம் இல்ல அது.

இத உங்க தள்ளுற காரணி இழுக்குற காரணில எங்க போடுவீங்க? இலங்கையிலயே பிறந்து, அப்பாவும் அங்கயே பிறந்து, இந்தியாவ கண்ணால காணாத ஆள் "தாயகம் திரும்புறார்". அண்ணனுக்கு இந்தியா பாஸ்போர்ட், தங்கச்சிக்கு இலங்கை பிரஜாவுரிமை எண்டு ஆன குடும்பம் எங்க தோட்டத்திலயே இருக்கு. கோச்சி (ரயில்) ஏத்தி விட ஸ்டேசனுக்கு போய் அழுத கதைய எந்த லயத்தில கேட்டாலும் சொல்லுவாங்க. நாடில்லாம இங்க கடைசி வரைக்கும் மிஞ்சினவங்களுக்கு பிரஜாவுரிமை குடுக்க 2003ல தான் சட்டம் வந்துச்சு.

பிள்ளைகளுக்கு காட்ட இன்னொண்டு, எங்க ஆக்கள் வந்து 200 வருசம் எண்டு 2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் அதே பழைய வழியில நடந்தாங்க. தேடினா போட்டோ, வீடியோ எல்லாம் கிடைக்கும், ப்ரொஜெக்டர் இருந்தா போட்டு காட்டுங்க.

---

கோத்தகிரி குளிரு:

ஹட்டன் தம்பி சொன்ன அந்த 5,25,000ல எங்க தாத்தா குடும்பமும் ஒண்ணு. இந்தப் பக்கம் நடந்ததையும் டீச்சர் சேத்துக்கணும். திரும்பி வந்தவங்களுக்கு வேலை குடுக்கணும்னே 1968ல நீலகிரில அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சாங்க, அது தான் இப்ப டேன்டீ. ஆனா எல்லாருக்கும் அதுல எடம் இல்ல, நிறைய பேருக்கு கீழ சமவெளில ஏதோ ஒரு ஜில்லாவுல கொண்டு போய் விட்டு பிசினஸ் லோன்னு கையில கொஞ்சம் பணத்தைக் குடுத்தாங்க. கொழுந்து எடுக்க மட்டும் தெரிஞ்ச சனம் என்ன பிசினஸ் பண்ணும், லோன் காசு சாப்பாட்டுக்கே கரைஞ்சிருச்சு, அப்புறம் சொந்தக்காரன் கடுதாசி போட்டு "இங்க தேயிலை இருக்கு வந்துரு"ன்னு சொல்ல மலை ஏறி கூடலூரு, கோத்தகிரி, குன்னூருன்னு வந்து சேந்தாங்க. அதாவது அரசாங்கம் ஒரு எடத்துல எறக்கி விட்டுச்சு, தெரிஞ்ச தொழிலு இன்னொரு எடத்துக்கு இழுத்துட்டு வந்துச்சு. அங்க இந்தியாக்காரன், இங்க சிலோன்காரன். இன்னைக்கும் சர்டிபிகேட் வாங்கப் போனா தாத்தாவோட பேமிலி கார்டு எங்கன்னு கேக்குறாங்க, அந்தக் கார்டை எங்க அப்பா பீரோல துணிக்கு அடில வெச்சுப் பூட்டி வெச்சிருக்காரு.

---

கீழத்தஞ்சை:

பஞ்சம், கங்காணி ரெண்டோட முடிக்காதீங்க. தோட்டத்துக்குப் போனதுல பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிங்க. ஊர்ல பண்ணையாள், அப்பன் வாங்கின கடனுக்கு புள்ள வேலை செய்யணும், அடி உதை தனி. அந்த ஆளுக்கு தோட்டமும் நரகம் தான், ஆனா கூலின்னு கையில காசு பாக்குற நரகம். எங்க பக்கத்துல நாகப்பட்டினத்துல கப்பலேறி பினாங்கு, சிங்கப்பூர்னு மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவங்க தான் ஜாஸ்தி, ரஜூலா கப்பல் பேரு எங்க ஊர்ப் பெருசுங்களுக்கு அத்துப்படி.

விளைவுன்னு கேட்டா பசங்க எப்பவும் போன எடத்தையே தான் எழுதுவாங்க, நகரத்துல நெரிசல், குடிசைப் பகுதின்னு. விட்டுட்டு வந்த எடத்துல என்ன ஆச்சுன்னு கேளுங்க. தஞ்சாவூரு மிராசுதாருங்க ஆள் போறதைப் பத்தி சர்க்காருக்கு புகார் சொன்னாங்க, வேலைக்கு ஆள் இல்ல, இருக்கிறவனும் எதுத்துப் பேசுறான், கூலி கூடக் கேக்குறான்னு. போனவனால தங்கினவனுக்கும் கொஞ்சம் குரல் வந்துச்சு. அதே நேரம் ஊர்ல விட்டுட்டுப் போன பொண்டாட்டி புள்ள, வயசானவங்க பாடு வேற. ரெண்டும் தான் விளைவு.

---

மதினி:

எல்லாரும் கடல் தாண்டியே பேசுறீங்களே, டீச்சர் கேட்ட அந்தக் கிளாஸ் விசயத்துக்கு நான் சொல்றேன். 2011 சென்சஸ்படி இந்தியாவுல இடம்பெயர்ந்தவங்க 45 கோடிக்கு மேல, அதுல பாதிக்குப் பக்கம் கல்யாணம் தான் காரணம், அதுவும் பொம்பளைங்க. அடுத்த சென்சஸ் கணக்கு வர்ற வரைக்கும் கையில இருக்கிறது இது தான். 1885லயே ராவன்ஸ்டீன்னு ஒருத்தரு பிரிட்டன் சென்சஸ பாத்து எழுதினாரு, பெரும்பாலானவங்க கிட்டத்துல தான் போறாங்க, கிட்டத்துல போறதுல பொண்ணுங்க தான் அதிகம்னு. நம்ம வீட்டுக்கும் அது அப்படியே பொருந்துது.

அதனால எந்தப் புள்ளையையும் எழுப்பிக் கேக்க வேணாம். எல்லாருக்கும் ஒரு பேப்பர் குடுங்க, பாட்டி பொறந்த ஊர், அம்மா பொறந்த ஊர், நீ பொறந்த ஊர், இப்ப இருக்கிற ஊர், அவ்ளோ தான். காரணம் கேக்காதீங்க, விருப்பப்பட்டவங்க எழுதட்டும். பேரு போட வேணாம்னு சொல்லிருங்க. உள்ளூர்ப் புள்ளைங்களோட அம்மாவும் பல்லடம், தாராபுரம், காங்கேயம்னு எங்கயாச்சும் இருந்து வாக்கப்பட்டு வந்தவங்களா தான் இருப்பாங்க. ஒடிசாப் புள்ளைய மட்டும் "வந்தவன்"னு பாக்குறது அந்த ஒரு பேப்பர்லயே அடிபட்டுப் போகும். ஒரு விசயம் மட்டும் ஜாக்கிரதை, அப்பா ஊரு தெருப் பேரெல்லாம் கேட்டா சாதி வெளிய வந்துரும், ஊர், மாவட்டத்தோட நிறுத்திக்கோங்க. இலங்கை அகதி கேம்ப்ல இருந்து வர்ற பசங்க இருந்தாலும் இதே மாதிரி தான்.

---

செக்கிங் மாஸ்டர்:

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில தான் இருக்கேன். வாத்தியார் சொன்ன கங்காணி இன்னும் சாகலைங்க, இப்ப கான்ட்ராக்டர்ன்னு பேரு. ஜார்கண்ட் பக்கம் ஒரு கிராமத்துல ஒரு பையன் இங்க வந்து நல்லா செட் ஆனா அடுத்த வருசம் அவன் மாமா பசங்க, பக்கத்து வீட்டுக்காரன்னு தன்பாத் ஆலப்புழா எக்ஸ்பிரஸ்ல ஒரு கூட்டமே வந்து இறங்கும். சில பேரு நேரா வருவாங்க, சில பேரு கான்ட்ராக்டர் அட்வான்ஸ் குடுத்துக் கூட்டியாருவான், டிக்கெட் காசு, ரூம் வாடகை, மெஸ்சு எல்லாம் சம்பளத்துல புடிச்சுக்குவான். அந்தக் காலத்து அளவுக்கு கட்டிப் போட முடியாது, கையில போன் இருக்கு, புடிக்கலன்னா நைட்டோட நைட்டா வேற கம்பெனி. ஆனா ஊர்ல அட்வான்ஸ் வாங்கின குடும்பம் இருக்கே, அது தான் கயிறு. ஒரே ஊர்க்காரங்க ஒரே காம்பவுண்டுல ஏன் இருக்காங்கன்னு பசங்களையே விசாரிச்சுட்டு வரச் சொல்லுங்க, நல்ல ப்ராஜெக்ட்.

விளைவுக்கு ஒண்ணு சொல்றேன். 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார்க்காரங்களை அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவுச்சே, போலீசு அது புருடான்னு சொல்லி கேஸ் போட்டாங்க, பீகார்ல இருந்து அதிகாரிங்க குழுவே இங்க வந்து பாத்துட்டுப் போச்சு. ஹோலி நேரம் வேற, ஊருக்குப் போறவன் பயத்துல போறானா பண்டிகைக்குப் போறானான்னே தெரியல, ஸ்டேஷன்ல கூட்டம், எங்க செக்ஷன்ல மிஷின்லாம் சும்மா கெடந்துச்சு, ஓனர்ங்க இந்தில ஆடியோ போட்டு கெஞ்சுனாங்க. 2020 லாக்டவுன்ல பஸ்சு ரயில் இல்லாம நடந்தே கெளம்புனவங்களையும் பாத்தோம். உள்ளூர்ல "இவனுங்க வந்து நம்ம வேலைய புடுங்குறானுங்க"ன்னு டீக்கடைல பேசுன அதே ஆளுங்க அன்னைக்கு ஆள் இல்லாம முழிச்சாங்க. வாடகை வாங்குறவன், மளிகைக் கடைக்காரன், ஓனர்னு ஒரு கூட்டத்துக்கு லாபம், கூலி ஏறாம நிக்கிறதுல உள்ளூர் ஆளுக்கு கொஞ்சம் அடியும் இருக்கு, அதையும் மறைக்காம சொல்லுங்க. பசங்க வீட்ல இந்தப் பேச்சு நடந்துட்டு தான் இருக்கும்.

---

துபாய் சீனி:

உங்க கிளாஸ் பசங்களுக்கு நேரடியா உதவுற தகவல் ஒண்ணு. பத்தாவது பாஸ் பண்ணாம பாஸ்போர்ட் எடுத்தா பொதுவா ஈசிஆர் முத்திரை விழும், அந்த பாஸ்போர்ட்ல வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா எமிகிரேஷன் கிளியரன்ஸ்னு அரசாங்க அனுமதி வாங்கணும், அதைத் தாண்டத்தான் ஏஜெண்டுங்க விசிட் விசால அனுப்பி மாட்டி விடுறது. அப்புறம் "ஃப்ரீ விசா"ன்னு ஒண்ணு விக்கிறான், பேரு தான் ஃப்ரீ, அதுக்கு லட்சக் கணக்குல காசு, இங்க வந்தா வேலைய நாமளே தேடணும், பேப்பர்ல இருக்கிற முதலாளி வேற, வேலை பாக்குற எடம் வேற, மாட்டுனா போலீசு. எங்க ஊர்ல நகைய அடகு வெச்சு வந்தவன் முத ரெண்டு வருசம் அந்த வட்டியத்தான் கட்டுறான். விளைவுக்கு வீடு பெருசா கட்டுறது, புள்ளைங்க இங்கிலீஷ் மீடியம் போறது எல்லாம் எழுதுவாங்க, வாட்சப் கால்ல வளர்ற புள்ளைங்களையும் எழுதச் சொல்லுங்க.

---

அவிநாசி டீச்சர்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இத்தனை வரும்னு நெனைக்கவே இல்ல. மதினி அக்கா சொன்ன பேப்பரை மொத நாளு குடுத்துர்றேன், அதுலயும் சைடுல "யாரு கூட்டிட்டு வந்தாங்க"ன்னு ஒரு வரி, விருப்பம் இருந்தா மட்டும். ரெண்டாவது நாளு வாத்தியார் ஐயாவோட கங்காணி விளையாட்டு. ஹட்டன் தம்பி சொன்ன ஒப்பந்தத்தை விளைவுல போடறதா காரணத்துல போடறதான்னு நான் முடிவு பண்ணல, பசங்களையே ரெண்டு குரூப்பா பிரிச்சு பேச விட்டுர்றேன்.

ஒரே ஒரு சந்தேகம். மேப் வேலை வைக்கணும், கடைல விக்கிற இந்தியா அவுட்லைன் மேப் போதுங்களா?

---

ராம்நாடு வாத்தியார்:

அது பத்தாதும்மா, அதுல இலங்கை சுண்டைக்கா சைஸ்ல இருக்கும், மண்டபம், தலைமன்னார், மாத்தளை குறிக்க எடமே இருக்காது. சார்ட்டுல ஒண்ணு நீங்களே பெருசா வரைஞ்சுருங்க, தெக்கு தமிழ்நாடும் இலங்கையும் மட்டும். 1914ல பாம்பன் பாலம் வந்து தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, அங்கிருந்து தலைமன்னாருக்கு ஸ்டீமரு, அந்த போட் மெயில் ரூட்டை சிவப்புல போடச் சொல்லுங்க, பழைய நடைவழிய பச்சைல. மண்டபத்தை மறக்காம குறிக்கச் சொல்லுங்க, அங்க இருந்த கேம்ப்ல தான் சிலோனுக்குப் போற கூலிங்களை நோய் இருக்கான்னு பாக்க நிறுத்தி வெச்சாங்க, 1983 இலங்கைக் கலவரத்துக்கு அப்புறம் அகதிங்களைத் தங்க வெச்சதும் அதே மண்டபம் கேம்ப் தான். பீகார், ஒடிசாவுக்கு தனியா இந்தியா மேப் ஒண்ணு, அது கடைல வாங்கினதே போதும்.